அளப்பதும் அறிவதும்: ஓர் இளம் நரம்பியல் ஆய்வாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களும், நோயுற்றவர்களின் குடும்பத்தாரும், வேறு துறைகளில் பணிபுரியும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். மூளையை அளக்கும் கருவிகள் வளர்ந்த வேகத்தில் மூளையைப் பற்றிய நம் புரிதல் வளரவில்லை என்பதும், வருங்காலத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இடைவெளியைக் கணக்கில் கொண்டே தொடங்க வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம். கீழுள்ள விடைகள் அந்த எண்ணத்திலிருந்து பிறந்தவை.

ஆய்வகத்தில் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை என்ன?

தனித்தனி நரம்பணுக்களின் மின் செயல்பாட்டை அளக்கிறேன். சுண்டெலியின் மூளையிலிருந்து 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) கனமுள்ள ஒரு சீவலை எடுத்து, உப்புகளும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசலில் வைத்து, 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவை அதில் இடைவிடாமல் குமிழவிட்டால், அந்தத் திசு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் ஒரு நரம்பணுவைத் தேர்ந்தெடுத்து, நுனி ஒன்றிரண்டு மைக்ரான் அகலமே உள்ள கண்ணாடிக் குழாயை அதை நோக்கி இறக்குவேன். குழாயிலிருந்து மெல்லிய அழுத்தத்தில் திரவம் கசிந்துகொண்டே இருப்பதால், நுனி நெருங்கியதும் நரம்பணுவின் சவ்வில் ஒரு சிறு குழி விழுவது திரையில் தெரியும். அப்போது அழுத்தத்தை நிறுத்தி மிக மெதுவாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ள, சில மெகா ஓமாக இருந்த மின்தடை ஒரு கிகா ஓமைத் தாண்டும். இன்னொரு சிறு உறிஞ்சலில் அந்த இடத்துச் சவ்வு கிழிந்ததும், நரம்பணுவின் உட்புற மின்னழுத்தம், ஏறக்குறைய −70 மில்லிவோல்ட், அளவுமானியில் பதிவாகத் தொடங்கும். எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த நுட்பம் இது. அவர்களுக்கு 1991இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்காக ஒரு விலங்கின் உயிர் போகிறது என்பதை நான் ஒருபோதும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. கிடைக்கும் ஒவ்வொரு பதிவையும், என் எதிர்பார்ப்புக்கு ஒத்துவராத பதிவுகளையும் விடாமல், கணக்கில் சேர்ப்பது அந்த உயிருக்கு நான் பட்டிருக்கும் கடன்.

மூளையைப் பற்றி இன்று நமக்கு எவ்வளவு தெரியும்?

இரு முனைகளில் நன்றாகத் தெரியும், நடுவில்தான் தெரியவில்லை.

ஒரு முனையில் தனி நரம்பணு இருக்கிறது. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் செய்த சோதனைகளைக் கொண்டு, சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதும் எப்படி ஒரு மின்துடிப்பை உண்டாக்குகின்றன என்பதை 1952இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். அந்தச் சமன்பாடுகளை நாங்கள் இன்றும் அன்றாட வேலையில் பயன்படுத்துகிறோம். உயிரியலில் இத்தனை துல்லியமாகக் கணிக்கும் கோட்பாடுகள் மிகக் குறைவு.

மறுமுனையில் மூளையின் பெரும் பகுதிகளும் மனிதரின் நடத்தையும் இருக்கின்றன. எச்.எம். என்ற பெயரில் அறியப்பட்ட ஹென்றி மொலேசனுக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கத்திலும் உள்ளே அமைந்த ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிகளைப் பெருமளவு அகற்றினார்கள். அதன் பிறகு புதிய நிகழ்ச்சிகள் எவையும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனாலும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறிவந்ததை உளவியலாளர் பிரெண்டா மில்னர் காட்டினார். பயிற்சி செய்ததே நினைவில்லாத ஒருவரின் கை அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொண்டிருந்தது. நினைவு என்பது ஒரே பொருள் அல்ல, அதன் வகைகளை மூளை வெவ்வேறு இடங்களில் கையாள்கிறது என்பது அப்படித்தான் நிலைபெற்றது.

இவ்விரண்டுக்கும் நடுவில், ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து துடிக்கும் ஒரு சுற்று எப்படி ஒரு முகத்தை அடையாளம் காண்கிறது, எப்படி ஒரு முடிவுக்கு வருகிறது என்ற இடத்தில் எங்களிடம் துண்டு துண்டான விளக்கங்களே உள்ளன. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்ற அடிப்படை எண்ணே 2009இல்தான் முறையாக அளக்கப்பட்டது; அதுவரை 10,000 கோடி என்ற தோராயமான எண்ணைப் பாடநூல்கள் சொல்லிவந்தன.

மூளையின் முழு இணைப்பு வரைபடம் கிடைத்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் அல்லவா?

இதற்கான விடை ஒரு புழுவிடம் இருக்கிறது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருண்டைப் புழுவுக்கு 302 நரம்பணுக்களே உண்டு. அவற்றின் இணைப்புகள் அனைத்தையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து பல ஆண்டுகள் கையாலேயே தொடர்ந்து பின்பற்றி, ஜான் ஒயிட், சிட்னி பிரென்னர் உள்ளிட்ட குழுவினர் 1986இல் வெளியிட்டார்கள். அதன் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் புழு அடுத்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்ல இன்னமும் நம்மால் முடியாது.

காரணங்கள் தெளிவாகிவருகின்றன. எந்த இணைப்பு தூண்டுகிறது, எது தடுக்கிறது, ஒவ்வொன்றின் வலிமை எவ்வளவு என்பவற்றை வரைபடம் முழுமையாகச் சொல்வதில்லை. இணைப்பே இல்லாத நரம்பணுக்களுக்கிடையிலும் நியூரோபெப்டைடுகள் என்ற வேதிப்பொருள்கள் திசுவில் பரவிச் செய்தி சேர்க்கின்றன. 2023இல் இதே புழுவின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகத் தூண்டி, மற்றவை எப்படி எதிர்வினை புரிகின்றன என்று அளந்தபோது, செய்தி பரவிய விதம் வரைபடத்தைக் கொண்டு கணித்ததிலிருந்து பல இடங்களில் விலகியிருந்தது.

நண்டு இனங்களின் இரைப்பையை இயக்கும், முப்பது நரம்பணுக்கள் அளவேயுள்ள சிறு நரம்புத் தொகுதியை ஈவ் மார்டர் பல பத்தாண்டுகளாக ஆய்ந்து வருகிறார். அவருடைய குழு காட்டிய இன்னொரு உண்மை என்னை மிகவும் பாதித்தது. அந்தச் சுற்றைக் கணினியில் அமைத்து, இணைப்புகளின் வலிமையையும் நரம்பணுக்களின் இயல்புகளையும் பலவாறு மாற்றிப் பார்த்தபோது, முற்றிலும் வேறுபட்ட அமைப்புகள் ஏறத்தாழ ஒரே தாளத்தைத் தந்தன. ஆகவே ஒரு மூளையின் ஒவ்வோர் எண்ணையும் அளந்து முடித்தாலும், அவற்றுள் எந்த எண்கள் முக்கியமானவை என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இதனால் வரைபடங்கள் வீண் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024இல் வெளிவந்த, வளர்ந்த பழ ஈயின் முழு மூளை வரைபடத்தில் ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்களும் 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் உள்ளன. 2025இல் சுண்டெலி மூளையின் வெளியடுக்கில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டரிலிருந்து மட்டும் 52 கோடி இணைப்புகள் பதிவாயின. இவை இல்லாமல் நான் கேட்கும் கேள்விகளில் பாதியைக் கேட்கவே முடியாது. வரைபடம் தவறான கோட்பாடுகளை விரைவில் கழித்துக்கட்டுகிறது. சரியான கோட்பாட்டை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூளையில் 10 சதவீதத்தையே நாம் பயன்படுத்துகிறோம் என்பது உண்மையா?

இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பயன்படாத பகுதிக்கு இவ்வளவு செலவை எந்த உயிரினமும் தாங்காது. மூளையின் எந்தப் பகுதி சேதமானாலும் ஏதோ ஒரு திறன் குறைவதை நரம்பியல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

ஸ்கேன் படத்தில் ஒரு பகுதி ஒளிர்ந்தால், அங்கேதான் அன்பும் அச்சமும் இருக்கின்றன என்று பொருளா?

மூளையின் இயக்கத்தைப் படமாக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நரம்பணுக்களின் துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. ஓரிடத்தில் நரம்பணுக்கள் மும்முரமாக இயங்கியதைத் தொடர்ந்து அங்கே பாயும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவில் உண்டாகும் மாற்றத்தையே அது அளக்கிறது. செய்ஜி ஒகாவா 1990இல் காட்டிய இந்த விளைவு உச்சத்தை அடைய ஐந்து, ஆறு நொடிகள் ஆகும். நரம்பணுவின் துடிப்போ ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் முடிந்துவிடும். படத்தின் ஒரு சிறு கட்டத்துக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கியிருக்கும். வண்ணம் தீட்டுவது கணினி. எந்த எல்லைக்கு மேல் வண்ணம் தீட்ட வேண்டும் என்று முடிவு செய்வது ஆய்வாளர்.

2009இல் ஒரு குழுவினர் இறந்துபோன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, வழக்கமான கணக்கீடுகளைச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் சோதிப்பதற்கான புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது, அந்த மீனின் மூளையிலும் சில கட்டங்கள் ஒளிர்ந்தன. திருத்தத்தைச் செய்ததும் அவை மறைந்தன. இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே அறிந்திருக்க வேண்டிய சோதனை இது. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலான குழுக்கள் அந்தத் திருத்தத்தைத் தவறாமல் செய்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் நரம்பியல் ஆய்வு முடிவுகளை நம்பலாமா?

ஒரே ஓர் ஆய்வை மட்டும் நம்ப வேண்டாம். நரம்பியல் ஆய்வுகளின் புள்ளியியல் வலிமையைத் திரட்டிப் பார்த்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரை, அதன் இடைநிலை மதிப்பு 21 சதவீதம் என்றது. உண்மையாகவே இருக்கும் ஒரு விளைவைத் தேடினாலும், ஐந்தில் ஓர் ஆய்வு அளவே அதைக் கண்டுபிடிக்கும் என்பது இதன் பொருள். அத்தகைய சூழலில் வெளிவரும் பளபளப்பான முடிவுகள் மிகைப்பட்டவையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வேறு குழுக்கள், வேறு முறைகளில், அதே முடிவுக்கு வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூளையில் பதிக்கும் கருவிகள் மனித வாழ்வை மாற்றிவிடுமா?

பலருடைய வாழ்வை ஏற்கெனவே மாற்றிவிட்டன. செவி நரம்பைத் தூண்டும் காக்ளியர் கருவிகள் உலகெங்கும் பத்து லட்சத்துக்கு மேல் பொருத்தப்பட்டுள்ளன. அலிம்-லூயி பெனாபிட் 1987இல் தொடங்கிவைத்த, மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்துத் தூண்டும் ஆழ்மூளைத் தூண்டல் முறையால், நடுக்கத்தால் தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாதிருந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆழ்மூளைத் தூண்டல் ஏன் பலன் தருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. முழுப் புரிதல் வரும்வரை மருத்துவம் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது.

மூளை–கணினி இடைமுகங்களின் வளர்ச்சி இதைவிட வியப்பானது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதினைந்து ஆண்டுகளாகக் கைகால்களை அசைக்க முடியாதிருந்த ஒரு பெண், தன் மூளையில் பதித்த மின்முனைகளின் வழியே இயந்திரக் கையை இயக்கித் தானே காபி குடித்தார். 2021இல், கையால் எழுதுவதாக மனத்தில் முயன்ற ஒருவரின் மூளைத் துடிப்புகளிலிருந்து நிமிடத்துக்கு 90 எழுத்துகள் திரையில் வந்தன. 2023இல் இரண்டு குழுக்கள், பேசும் திறனை இழந்தவர்களின் பேச்சு முயற்சியை நிமிடத்துக்கு 62, 78 சொற்கள் என்ற வேகத்தில் எழுத்தாக மாற்றின. இயல்பான உரையாடல் நிமிடத்துக்கு 150 சொற்கள் அளவில் நடக்கிறது.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரைக் கருவி 350க்கும் மேற்பட்ட பார்வையற்றவர்களுக்குப் பொருத்தப்பட்டது. 60 மின்முனைகளால் ஆன அந்தக் கருவி ஒளிப்புள்ளிகளையும் விளிம்புகளையும் காட்டியது. சிலருக்கு அதுவே பெரும் கொடையாக இருந்தது. அதைத் தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கி அந்தத் தயாரிப்பைக் கைவிட்டபோது, பழுது பார்ப்பாரும் மாற்று உறுப்பும் இல்லாத கருவியோடு அவர்கள் தனித்து விடப்பட்டார்கள். கைப்பேசி பழையதானால் மாற்றிக்கொள்ளலாம்; கண்ணுக்குள் இருக்கும் மின்முனையை அப்படி மாற்ற முடியாது. ஒரு கருவியை மனித உடலுக்குள் வைக்க அனுமதி தரும்போதே, நிறுவனம் மூடப்பட்டால் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது, வடிவமைப்பு விவரங்கள் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பவை எழுத்தில் உறுதியாக வேண்டும். மின்முனைகளின் எண்ணிக்கையைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு இதைப் பற்றி எழுதப்படாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பிறர் எண்ணங்களைக் கருவிகளால் படித்துவிட முடியுமா?

இன்றைக்கு, ஒருவரின் ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது. 2023இல் வந்த ஓர் ஆய்வு, எஃப்.எம்.ஆர்.ஐ. பதிவுகளிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த கதையின் சாரத்தை மொழி மாதிரிகள் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல்களின் துணையோடு மீட்டெடுத்தது. அதற்கு அவர் ஏறத்தாழ 16 மணி நேரம் கருவிக்குள் படுத்துக் கதை கேட்க வேண்டியிருந்தது. ஒருவருக்காகப் பயிற்றுவித்த மாதிரி இன்னொருவரிடம் பலிக்கவில்லை. மனத்துக்குள் வேறு எதையாவது எண்ணத் தொடங்கினாலே முடிவு குலைந்தது.

ஆயினும் சட்டம் முந்திக்கொள்வதே நல்லது. சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காக்கும் திருத்தத்தை அரசியலமைப்பில் சேர்த்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நுகர்வோருக்கு விற்கப்பட்ட தலைப்பட்டைக் கருவி திரட்டிய ஒருவரின் மூளைத் தரவை அழிக்க உத்தரவிட்டது. அமெரிக்காவின் கொலராடோவும் கலிஃபோர்னியாவும் 2024இல் நரம்புத் தரவைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தன. இவற்றை நான் வரவேற்கிறேன். எண்ணத்தைப் படிக்க முடியாவிட்டாலும், தூக்கம், கவனம், வலிப்புக்கான அறிகுறி போன்றவற்றை இன்றைய எளிய கருவிகளே ஓரளவு காட்டிவிடும்; பணியமர்த்துபவரோ காப்பீட்டு நிறுவனமோ அவற்றைக் கேட்கும் நாள் தொலைவில் இல்லை.

செயற்கை நுண்ணறிவு மூளையைப் போல இயங்குகிறதா?

பிறப்பில் உறவு உண்டு. வாரன் மெக்கல்லாக்கும் வால்டர் பிட்ஸும் 1943இல் நரம்பணுவைத் தர்க்கச் சுற்றாக எழுதிக்காட்டினார்கள். நரம்பியலாளர்கள் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் கண்ட படிநிலை அமைப்பை அடியொற்றி, குனிஹிகோ ஃபுகுஷிமா 1980இல் நியோகாக்னிட்ரான் என்ற வலையமைப்பைப் படைத்தார். படங்களை அடையாளம் காணும் இன்றைய வலையமைப்புகளுக்கு அது முன்னோடி. எதிர்த் திசையிலும் கொடுக்கல் வாங்கல் நடந்தது. வெகுமதியைப் பற்றிய எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கற்கும் முறை கணினி அறிவியலில் ஏற்கெனவே இருந்தது. டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் கிட்டத்தட்ட அதே வேறுபாட்டைத்தான் துடிப்பாகக் காட்டுகின்றன என்பதை 1997இல் ஷூல்ட்ஸ், டயான், மான்டகியூ மூவரும் எடுத்துக்காட்டினார்கள். என் துறையின் மிக அழகான சந்திப்புகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

இயக்கத்தில் வேறுபாடு பெரிது. செயற்கை வலையமைப்புகள், விடையில் வந்த பிழையை இணைப்புகளின் வழியே பின்னோக்கிப் பரப்பிக் கற்கின்றன. உயிருள்ள நரம்பிணைப்புகள் அதே வழியில் கற்பதற்குத் தெளிவான சான்று இல்லை. மூளை ஏறத்தாழ 20 வாட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றலில் இயங்குகிறது; குழந்தை தாய்மொழியைக் கற்கத் தேவைப்படும் சொற்களின் அளவு, மொழி மாதிரிகளுக்கு ஊட்டப்படும் அளவில் மிகச் சிறு பங்கு. பயன் என்ற வகையில் பார்த்தால், பழ ஈயின் வரைபடத்தில் நரம்பிழைகளைப் பிரித்தறிந்த முதல் வேலையைச் செய்தது செயற்கை நுண்ணறிவே. அதன் பிழைகளை மனிதக் கண்கள்தாம் ஒவ்வொன்றாகத் திருத்தின.

மனத்தைக் கணினிக்கு மாற்றி இறப்பை வெல்ல முடியுமா?

302 நரம்பணுக்கள் உள்ள புழுவையே நம்பத்தகுந்த முறையில் கணினியில் வாழவைக்க முடியாத நிலையில், இதற்குக் காலக்கெடு சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அல்சைமர் நோய்க்கு மருந்து எப்போது வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எளிதல்ல. 1906இல் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த படிவுகளில் ஒன்றான அமிலாய்டை நீக்கும் லெக்கனமாப் மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. 18 மாதங்களில் அது நோயால் வரும் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. 18 புள்ளி கொண்ட அளவுகோலில் இது அரைப் புள்ளிக்கும் குறைவான வேறுபாடு. இழந்த நினைவு திரும்பாது, சிலருக்கு மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ ஏற்படுகிறது. நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கே இது பொருந்தும். அதனால் குடும்பத்தார் மருத்துவரிடம் இரு பக்கத்தையும் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும்.

இதைவிடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2024இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டது. கேள்திறன் இழப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். பெற்றோருக்குக் காது மந்தமானால் செவிப்பொறி வாங்கித் தருவது, நான் ஆய்வகத்தில் செய்யும் பல வேலைகளைவிட அவர்கள் மூளைக்கு உடனடி நன்மை தரக்கூடும்.

உணர்வுநிலையை அறிவியல் எப்போதாவது விளக்குமா?

விளக்கும் என்று நம்புகிறேன், காலம் சொல்ல மாட்டேன். 25 ஆண்டுகளுக்குள் உணர்வுநிலையின் நரம்படையாளம், அதாவது அதை உண்டாக்கும் நரம்பணுச் செயல்பாடு, தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸோடு பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஏற்றுக்கொண்டார். கோட்பாடு இல்லாத நிலையிலும் அளவீடு இங்கே மனிதர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2006இல் ஆட்ரியன் ஓவன் குழுவினர், எந்த எதிர்வினையும் காட்டாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, நலமுள்ளவர்களிடம் இயங்கும் அதே பகுதி அவர் மூளையிலும் இயங்கியது. 2024இல் பல மருத்துவ மையங்களில் சோதிக்கப்பட்ட, கட்டளைகளுக்கு உடலால் பதிலளிக்காத 241 பேரில் நான்கில் ஒருவர் இவ்வாறு மூளையால் பதிலளித்தார். இந்தச் சோதனை பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்னும் கிடைப்பதில்லை. அடுத்த பத்தாண்டில் ஒன்றே ஒன்று மாறலாம் என்றால், இது மாற வேண்டும் என்பேன்.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

உயிரியலோடு நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், பைதான் நிரலாக்கம் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புழுவின் இணைப்பு வரைபடமும், பழ ஈயின் முழு மூளையும், அமெரிக்க மூளை ஆய்வு அமைப்பான ஆலன் நிறுவனம் வெளியிட்டுள்ள சுண்டெலியின் நரம்பணுப் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புழுவின் தரவை இறக்கி, மூக்கைத் தொட்டவுடன் அது பின்வாங்குவதற்குக் காரணமான நரம்பணுக்களைத் தேடிப் பிடியுங்கள். தொடு உணர்விலிருந்து தசைவரை செல்லும் பாதையை வரைந்து பாருங்கள். பிறகு அந்தப் பாதையால் விளக்க முடியாத ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுத்து, ஏன் விளக்க முடியவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தோடு என்னிடம் வரும் மாணவரிடம் மதிப்பெண் பட்டியலை நான் கேட்க மாட்டேன்.